காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்: கொழும்பில் பிள்ளைக்கு டெங்கு என்றால்

காலையில் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை மத்தியானம் 39 பாகை காய்ச்சலோடு வந்து படுக்கிறது. கொழும்பில் இருப்பவர்கள் இதை டெங்கு என்று எடுத்துக்கொண்டே அடுத்த அடியை வைக்க வேண்டும். வேறு காய்ச்சல் என்று பிறகு தெரிந்தால் நட்டம் ஒன்றுமில்லை. ஜூன், ஜூலையிலும், பிறகு நவம்பர் தொடங்கி ஜனவரி வரையிலும் சிறுவர் வாட்டுகள் நிரம்பி வழியும். 2017 இல் மட்டும் இலங்கையில் 1,80,000 க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது.

டெங்குவைக் கொல்கிற மருந்து கிடையாது. எந்த மணித்தியாலத்தில் பிள்ளையின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்து, திரவத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் வைத்தியம். வாட்டில் டொக்டரும் மிஸ்ஸும் (தாதி) ஷிஃப்ட் மாறிப் போவார்கள். தொடக்கத்திலிருந்து பக்கத்தில் இருப்பவர் அம்மா அல்லது அப்பா. அதனால் நேரத்தையும் அளவையும் எழுதிவைப்பது உங்கள் பொறுப்பு. ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும் எடுங்கள். போனில் எழுதலாம்தான், ஆனால் சார்ஜ் இறங்கும், அழைப்பு வரும், டொக்டர் கேட்கிற நேரம் திரை பூட்டியிருக்கும்.

முதல் பக்கத்தில் பிள்ளையின் பிறந்த திகதி, நிறை, ஒத்துவராத மருந்து, முன்பிருந்த வருத்தம் (முட்டு, இருதயக் கோளாறு, வலிப்பு), வழமையாகக் குடிக்கும் மருந்து. அதன் கீழே, காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது. ‘ரெண்டு மூண்டு நாளா’ என்று சொன்னால் டொக்டருக்கு உதவாது. ஞாயிறு இரவு 8 மணிக்குத் தொடங்கினால் திங்கள் இரவு 8 வரை முதலாம் நாள். இந்தக் கணக்கு பிழைத்தால் பின்னால் வருகிற எல்லாக் கணக்கும் பிழைக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

கீழே சொல்வதில் எதைக் கண்டாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், டெங்குவா இல்லையா என்றும் யோசிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தாலே ஆஸ்பத்திரி. மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் ஆஸ்பத்திரி. பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அதையோ அதற்கு மேலோ எண்ணினால் வேகமான மூச்சு. தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருந்தால் கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் உடனே புறப்படுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம் பாருங்கள்.

வலிப்பு வந்தால் நிலத்தில் பக்கவாட்டாகக் கிடத்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நிற்கும். கையில் திறப்புக் கொத்தைத் திணிப்பதால் அது நிற்காது. வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும், தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். முதல் வலிப்பு என்றால், நின்ற பிறகும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒழுங்கையின் பெயரோடு பக்கத்திலுள்ள கோயிலையோ கடையையோ சொல்லுங்கள். ஒருவர் ஒழுங்கை முகப்பில் போய் நிற்கட்டும். தொடர்மாடியில் இருந்தால் இன்னொருவர் லிஃப்டைக் கீழே பிடித்துவைக்கட்டும். வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டைத் தேடுவதில்தான் நேரம் போகும்.

முதல் மூன்று நாள், வீட்டில்

பனடோல் அளவை வயதைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், நிறையைப் பாருங்கள். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. சாதாரண சிரப் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்டது. 16 கிலோ பிள்ளைக்கு 240 மில்லிகிராம், அதாவது 10 மில்லிலீற்றர். ஆனால் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இவற்றைவிடப் பல மடங்கு செறிவானது. போத்தல் மாறினால் கணக்கும் மாறும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். அம்மா சிரப் கொடுத்த அரை மணியில், தெரியாமல் அம்மம்மா பின்வழியாக வைக்கும் பனடோல் மாத்திரையை வைப்பதுதான் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை. கொப்பியில் நேரம் எழுதியிருந்தால் இது நடக்காது. டெங்கு ஏற்கெனவே ஈரலைத் தாக்கும் வருத்தம். கூடுதலான பனடோல் அதே ஈரலைத்தான் கெடுக்கும்.

பனடோலுக்குக் காய்ச்சல் முழுதாக இறங்காது, ஒரு பாகை இறங்கினாலே போதும். இறங்கவில்லையே என்று இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம், அஸ்பிரின் எதையும் கொடுக்க வேண்டாம். அவை வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். பாமசியில் ‘காய்ச்சலுக்கு நல்ல மருந்து’ என்று தருவதில் இவை இருக்கும், பெயரை வாசித்து வாங்குங்கள்.

அடுத்தது திரவம். நாள் முழுவதுக்குமான கணக்கு இது: முதல் 10 கிலோவுக்கு கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. ஆக 10 கிலோ பிள்ளைக்கு 1000, 15 கிலோவுக்கு 1250, 20 கிலோவுக்கு 1500, 30 கிலோவுக்கு 1700. பால், கஞ்சி, சூப், செவ்விளநீர், ஜீவனி (கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்துப் பக்கெட்) எல்லாம் இதில் சேரும். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால் உப்புச் சத்துக் குறையும். ஜீவனியைப் பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பக்கெட்டாகக் கரையுங்கள், 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். அரைப் பக்கெட்டை அரைக் கோப்பையில் கலக்கும் பழக்கத்தால் உப்பு கூடி, வயிற்றோட்டமும் கூடும். சத்தி எடுக்கிற பிள்ளைக்குக் கோப்பையை நீட்டாதீர்கள். பத்து நிமிடம் விட்டு, 5 மில்லிலீற்றராக சிரிஞ்சில் கொடுத்தால் வயிற்றில் நிற்கும். மைலோ, பீட்றூட், தர்பூசணி, சிவப்பு பாணம் வேண்டாம். பிள்ளை சத்தி எடுக்கும்போது அது இரத்தமா சாயமா என்று டொக்டர் தடுமாற நேரும்.

மூத்திரம் போன நேரத்தையும் எழுதுங்கள். ஆறு மணித்தியாலம் போகாமல் இருந்தால், அதுவே ஆஸ்பத்திரிக்குப் போகக் காரணம்.

மூன்றாம் நாள் எப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும்) இரத்தப் பரிசோதனை, டொக்டர் முன்னரே கேட்டால் முன்னரே. பிறகு டொக்டர் சொல்கிறபடி, பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை. முடிந்தவரை ஒரே லாபில் செய்யுங்கள். என்.எஸ்.1 பரிசோதனை முதல் சில நாட்களில் டெங்குவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ‘நெகட்டிவ்’ வந்ததால் டெங்கு இல்லை என்று ஆகாது. ரிப்போட்டில் முதலில் விழுவது வெள்ளையணு, அடுத்து பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணு), அதன் பின் ஏறுவது பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்ற எண்). வீட்டில் எல்லோரும் பிளேட்லெட்டையே பார்த்துப் பதறுவார்கள். டொக்டரின் கண் பி.சி.வி.யில் இருக்கும். முதல் ரிப்போட்டில் 35 இருந்து பிறகு 42 ஆனால் 20 வீதம் ஏறியிருக்கிறது; இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்தம் தடித்துவிட்டது என்று அர்த்தம். முதல் ரிப்போட் தொலைந்தால் இந்த ஒப்பீடு செய்ய முடியாது. எல்லா ரிப்போட்டையும் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

பப்பாசி இலைச் சாறு பற்றி: அது நீர் கசிவதை நிறுத்தாது. கசப்பில் பிள்ளை சத்தி எடுத்து, குடித்த ஜீவனியும் வெளியே வரும்.

எங்கே, எப்போது

பிளேட்லெட் 1,00,000 க்குக் கீழே போனால் அனுமதிக்க வேண்டும். அதற்கு மேலே இருந்தும் வேகமாக விழுந்தாலோ, ஓயாத வயிற்று நோ, திரும்பத் திரும்பச் சத்தி, முரசில் மூக்கில் இரத்தம், கை கால் குளிர்வது, எழும்பினால் தலைசுற்று, வழமைக்கு மாறான சோம்பல் அல்லது அந்தரம் இருந்தாலோ எண்ணைப் பார்க்காமல் போங்கள்.

பொரளையில் பேஸ்லைன் ரோட்டில் உள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை முழுக்கப் பிள்ளைகளுக்கானது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. அங்கேயும் சிறுவர் வாட்டுகள் உண்டு. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. தனியார் ஆஸ்பத்திரி என்றால் படுக்கை பதிவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வி: சிறுவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? இல்லையென்றால், பிள்ளை மோசமாகும் நேரத்தில் அம்புலன்ஸில் பொரளைக்கு மாற்ற வேண்டி வரும். நீர் கசிகிற மணித்தியாலங்களில் அந்தப் பயணம் ஆபத்தானது. இதை மூன்றாம் நாளே முடிவுசெய்யுங்கள். ஐந்தாம் நாள் இரவு 11 மணிக்கு யாருக்கும் நிதானம் இருக்காது.

எல்லா டொக்டருக்கும் தமிழ் தெரியாது. சிங்களம் தடுமாறுகிற அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையோடு நிற்கிறார் என்றால் இந்த ஐந்தையும் கொப்பியின் அட்டையில் எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் மூன்று நாள்: ‘உண, தவஸ் துனய்’. வயிறு நோகிறது: ‘பட ரிதெனவா’. சத்தி எடுத்தது: ‘வமனே கியா’. மூத்திரம் போகவில்லை: ‘சூ களே நே’. கை கால் குளிர்: ‘அத பய சீதலய்’.

பையில் போட வேண்டியவை: மில்லிலீற்றர் கோடு போட்ட இரண்டு பிளாஸ்டிக் குவளை (ஒன்று குடிக்க, ஒன்று மூத்திரம் அளக்க, நிறம் வேறாக இருக்கட்டும்), பிறந்த நாளிலிருந்து ஊசி பதிந்துவரும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, ரிப்போட்டுகள், இரண்டு விரிப்பு, துவாய், பிளாஸ்க், செருப்பு, சார்ஜர், சில்லறைக் காசு. பிள்ளைக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. விலை கூடியது வேண்டாம்.

ஆபத்தான 48 மணித்தியாலம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

பெரும்பாலும் மூன்றாம் நாள் முடிந்து, நான்கு முதல் ஆறாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வரும். ‘காய்ச்சல் விட்டுட்டுது, இனி பயமில்லை’ என்று பிள்ளையைக் குளிப்பாட்டி, சிலர் பள்ளிக்கூடமும் அனுப்புவார்கள். டெங்கு பிள்ளைகளை வீழ்த்துவது இந்த நேரத்தில்தான். நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியும். 24 முதல் 48 மணித்தியாலம் இது நீடிக்கும். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை உற்சாகமாகவில்லை என்றால் அது குணமான அடையாளம் அல்ல.

இன்னொரு ஏமாற்று: இரத்த அழுத்தம் விழத் தொடங்கிய பிள்ளையும் தெளிவாகக் கதைக்கும், கார்ட்டூன் பார்க்கும். முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல் நகத்தை ஐந்து வினாடி அழுத்தி விடுங்கள்; இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பாவிட்டால் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். அழுத்தத்தில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் டொக்டர் ஓடி வருவார். 90 இற்கு 70 என்றால் மேல் எண் நன்றாக இருப்பதுபோல் தெரியும், இடைவெளியில்தான் ஆபத்து.

வாட்டில் இப்போது ஒவ்வொரு மணித்தியாலமும் வாயால் குடித்ததும் சேலைனும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். மூத்திரம் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை முதல் ஒரு மில்லிலீற்றர் போக வேண்டும்: 20 கிலோ பிள்ளைக்கு 10 முதல் 20. பம்பஸ் போடும் குழந்தையென்றால் காய்ந்த பம்பஸின் நிறையைக் கழித்து எடை போடுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர்.

இங்கேதான் பெற்றோருக்கும் வாட்டுக்கும் சண்டை மூளும். ‘பிள்ளை தாகம் என்று அழுகிறது, சேலைனைக் குறைக்கிறார்களே’ என்று கோபம் வரும். குறைப்பதற்குக் காரணம் உண்டு. கூடக் கொடுத்த நீர் அதே ஓட்டையால் நெஞ்சுக்குள் போகும். கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் இரத்தத்துக்குத் திரும்பி வந்து நுரையீரலை நிரப்பும், பிள்ளை மூச்சுத் திணறும். பார்க்க வந்த மாமா இரக்கப்பட்டு ஒளித்துக் கொடுத்த ஒரு தம்ளர் இளநீர் டொக்டரின் கணக்கைக் குழப்பிவிடும். கொடுத்துவிட்டார் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும், விழட்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினால் கை விட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்ததை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க அங்கேதான் ஆட்களும் கருவியும் உண்டு. மொனிட்டர் அலறுவது பல நேரம் விரலில் மாட்டிய கிளிப் கழன்றதால்தான். பிள்ளையைப் பாருங்கள், பிறகு மிஸ்ஸைப் பாருங்கள். காலை சுற்றில் பெரிய டொக்டரிடம் கேட்க மூன்று கேள்வி போதும்: கசிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடியும் என எதிர்பார்க்கிறீர்கள், அதுவரை நான் எதைக் கவனிக்க வேண்டும்? பதிலை அங்கேயே எழுதுங்கள்.

பிள்ளைக்கும் உங்களுக்கும்

ஊசி குத்துமுன் ‘நோகாது’ என்று சொல்லாதீர்கள். ஒருமுறை பொய் சொன்னால் அடுத்த இரத்தம் எடுக்க நான்கு பேர் பிடிக்க வேண்டி வரும். ‘நோகும், பத்து எண்ணி முடிக்க நின்றுவிடும்’ என்று சொல்லி மடியில் வைத்து நீங்களே எண்ணுங்கள். கோயில் நூல் கட்டுவதென்றால் கனியூலா (சேலைன் ஏற்றும் குழாய்) இல்லாத கையில், இரண்டு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டுங்கள். கை வீங்கினால் நூல் இறுகும். விபூதி நெற்றியோடு நிற்கட்டும், வாயில் வேண்டாம்.

பொது வாட்டில் இரவு பெரும்பாலும் அம்மாவைத்தான் நிற்க விடுவார்கள். அப்பா, சித்தி, பெரியம்மா யாராவது பகலில் நான்கு மணித்தியாலம் மாற வேண்டும், அந்த நேரம் அம்மா தூங்க வேண்டும். போனில் உறவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தூக்கமில்லாத கண் 50 ஐ 150 என்று வாசிக்கும். அழைப்புகளை ஏற்க ஒரே ஒருவரை நியமியுங்கள். காலையும் மாலையும் அவர் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டால் போதும். வாட்டு வாசலுக்கு வந்து ‘என்ன கவனிச்சனீங்கள், நுளம்பு கடிக்க விட்டுட்டீங்களே’ என்று கேட்பவரை உள்ளே விட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மனம் தாங்காவிட்டால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளை வீடு வந்து மாதக் கணக்கானபின்பும் இரவில் எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றாலும் அதே இலக்கம்தான்.

வீடு வந்த பிறகு

பசி திரும்பும், மூத்திரம் தாராளமாகப் போகும், கை காலில் சிவப்பின் நடுவே வெள்ளைத் திட்டுகளோடு ஒரு தடிப்பு வந்து கடிக்கும். இவை குணமாகும் அடையாளங்கள். களைப்பு வாரக் கணக்கில் இருக்கலாம். விளையாட்டுப் பாடத்துக்கு டொக்டர் சொல்லும்வரை விலக்குக் கடிதம் கொடுங்கள்.

டெங்கு அறிவிக்க வேண்டிய நோய் என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரலாம். அவர் வருமுன், தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும் இடங்களை நீங்களே பாருங்கள்: ஃபிரிட்ஜின் பின்தட்டு, கூரைப் பீலி, மணிபிளான்ட் போத்தல், பாவிக்காத கழிப்பறைத் தொட்டி, மொட்டைமாடித் தாங்கியின் மூடி. வாரத்துக்கு ஒருமுறை காலி செய்து உரசிக் கழுவ வேண்டும், நுளம்பு முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும். நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும் என்பதால், வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் என்றால் முதல் நாளே டொக்டரிடம் சொல்லுங்கள்.

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே எதிர்ப்பு. வேறு வகை இரண்டாவது முறை வரும்போது கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல். ஆகவே வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை (நோய் விவரம் எழுதிய அட்டை) பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள், ஒரு பிரதியை வளர்ச்சிப் பதிவேட்டுக்குள் செருகுங்கள். அடுத்த காய்ச்சலில் டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.